சேத்துப்புண்ணுக்கு எந்த க்ரீம் வாங்கலாம்? ட்யூபைத் திருப்பிப் படித்தாலே பாதி விடை கிடைக்கும்

“அண்ணே, கால் விரல் இடுக்குல ஒரே அரிப்பு. நல்ல ஆயின்மென்ட் ஒண்ணு குடுங்க.”

“இந்தாங்க தம்பி. ராத்திரி போட்டுட்டுப் படுங்க, ரெண்டே நாள்ல சரியாயிடும்.”

ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, மெடிக்கல் ஷாப்பில் பேச்சு பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடும். கடைக்காரர் சொன்னபடியே இரண்டு நாளில் அரிப்பும் நின்றுவிடும். ட்யூபை அலமாரியில் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில், முன்பைவிட அகலமாக, மறுபடியும் அரிக்கும். திரும்பவும் அதே ட்யூப். மூன்றாவது முறை அது தொடை இடுக்குக்கும் போயிருக்கும். “இந்த வியாதிக்கு மருந்தே கிடையாது போல” என்று அலுத்துக்கொள்வோம்.

மருந்து இருக்கிறது, விலையும் பெரிதாக இல்லை. நாம் வாங்கிய ட்யூபில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அதை எப்படிப் பார்ப்பது, நம் காலுக்கு எது பொருந்தும், எத்தனை நாள் போட வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

சேத்துப்புண் என்பது என்ன?

ஆங்கிலத்தில் ‘அத்லெட்ஸ் ஃபுட்’ என்பார்கள். மருத்துவப் பெயர் ‘டீனியா பீடிஸ்’. நம் ஊரில் சேற்றுப்புண், பேச்சு வழக்கில் சேத்துப்புண். விளையாட்டு வீரர்களின் காலைப் பார்த்து அங்கே பெயர் வைத்தார்கள். வயலில் நாற்று நடும் கால்களைப் பார்த்து இங்கே வைத்தார்கள்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ‘டெர்மட்டோஃபைட்’ எனப்படும் பூஞ்சை வகை. தோலின் மேல் அடுக்கிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் இதற்கு உணவு. உடம்பில் வரும் படர்தாமரையும் இதே குடும்பம்தான்.

காலில் இது மூன்று விதமாகத் தெரியும். ஒன்று, விரல் இடுக்கில், குறிப்பாகக் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில், தோல் வெள்ளையாக ஊறி உரிவது. இரண்டு, உள்ளங்காலும் ஓரங்களும் காய்ந்து, மாவு பூசியது போலச் செதில் செதிலாகத் தடிப்பது. மூன்று, உள்ளங்காலில் சிறுசிறு நீர்க்கொப்புளங்கள் வருவது.

யாருக்கு அதிகம் வரும்?

ஈரமும் சூடும் சேர்ந்த காலை இந்தப் பூஞ்சைக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த இரண்டு ஊர்களின் வேலைகளை யோசித்துப் பாருங்கள். ஸ்பின்னிங் மில்லில் நூல் அறுந்துவிடாமல் இருக்கக் காற்றில் ஈரப்பதம் ஏற்றுவார்கள். அதற்குள் ஷூ போட்டு ஒரு ஷிப்ட் முழுக்க நடக்க வேண்டும். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. துணி வெளுக்கும் பட்டறைகளில் கால் தண்ணீரில்தான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்படியில் ஒருபக்கம் அனல், இன்னொரு பக்கம் கழுவிவிட்ட ஈரத் தரை. கண்மாய்ப் பாசன வயலில் சேறு. அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுபவர்கள், ஓடையில் நனைந்த ஷூவோடு நாள் முழுக்க நடப்பார்கள்.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். காலை எட்டு மணிக்குப் போட்ட சாக்ஸை இரவு எட்டு மணிக்குக் கழற்றுபவரின் விரல் இடுக்கும் ஈரமான இடம்தான். ஹாஸ்டல் குளியலறை, ஜிம், பொதுவாகப் பயன்படுத்தும் துண்டு ஆகியவை வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். அதாவது, இது ஒட்டுவாரொட்டி.

கடையில் என்னென்ன இருக்கிறது?

பிராண்ட் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்துகள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை.

முதலாவது அசோல் குடும்பம். க்ளோட்ரிமசோல் 1%, மைக்கோனசோல் 2%, கீட்டோகோனசோல் 2%, செர்டாகோனசோல் 2%, லூலிகோனசோல் 1% எல்லாம் இதில் வரும். பூஞ்சையின் செல் சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. அசோல்கள் அதன் உற்பத்தியைத் தடுத்து, பூஞ்சை வளர்வதை நிறுத்தும். பழைய அசோல்களை நாளுக்கு இருவேளை, நான்கு வாரம் வரை போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது அல்லைலமைன் குடும்பம். டெர்பினாஃபைன் 1% இதில் முக்கியமானது. நாஃப்டிஃபைன் இன்னொன்று. எர்கோஸ்டெரால் உற்பத்தியை இது ஒரு படி முன்னதாகவே தடுத்து, டெர்மட்டோஃபைட் பூஞ்சையைக் கொன்றுவிடும். அதனால் குறைந்த நாட்களே போதும். விரல் இடுக்குக்கு ஒரு வாரம், உள்ளங்காலுக்கு இரண்டு வாரம் என்பது பல நாடுகளில் பாக்கெட்டில் அச்சாகும் அளவு. இங்குள்ள தோல் டாக்டர்கள் பல நேரம் கூடுதல் நாட்கள் சொல்வார்கள். காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

பழைய மருந்து ஒன்றும் உண்டு. 6% பென்சாயிக் அமிலமும் 3% சாலிசிலிக் அமிலமும் கலந்த விட்ஃபீல்ட் ஆயின்மென்ட். தடித்த தோலை உரித்தெடுக்கும். உரிந்து புண்ணான இடத்தில் போட்டால் எரியும்.

என் காலுக்கு எது?

இரண்டு குடும்பத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அல்லைலமைன்கள் அசோல்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குணப்படுத்துகின்றன என்று தெரிந்தது. வித்தியாசம் பெரிதல்ல. அதனால் விலை, எத்தனை நாள் போட முடியும், கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

கால் எப்போதும் தண்ணீரில் இருக்கும் வேலையா? விரல் இடுக்கு வெள்ளையாக ஊறிப்போய் இருக்கிறதா? அப்படியென்றால் அங்கே டெர்மட்டோஃபைட் மட்டும் இருக்காது. கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் சில பாக்டீரியாக்களும் சேர்ந்திருக்கலாம். வயல் வேலையில் வரும் சேத்துப்புண்ணில் இந்தக் கலப்பு உண்டு. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்றவை டெர்மட்டோஃபைட்டையும் கேண்டிடாவையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். சில பாக்டீரியாக்களிடமும் ஓரளவு வேலை செய்யும். டெர்பினாஃபைன் கேண்டிடாவிடம் அவ்வளவு வலுவாக இருக்காது. எனவே ஈர இடுக்குக்கு சாதாரண அசோல் க்ரீம் நல்ல தொடக்கம்.

கால் காய்ந்து, செதில் உதிர்ந்து, ஷூ போடும் இடமெல்லாம் படர்ந்திருந்தால் டெர்பினாஃபைன் பொருந்தும். ஆனால் உள்ளங்கால் முழுக்கத் தடித்துப்போயிருந்தால் எந்த க்ரீமும் எளிதில் உள்ளே இறங்காது. நகமும் மஞ்சளாகித் தடித்திருந்தால், அந்த நகமே பூஞ்சையின் சேமிப்புக் கிடங்கு. இந்த இரண்டுக்கும் மாத்திரை தேவைப்படலாம். கால் நகத்துக்கு மாத்திரை பொதுவாக மூன்று மாதம் ஓடும். கல்லீரல் பரிசோதனையும் கேட்பார்கள். அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

க்ளோட்ரிமசோலா, க்ளோபெட்டசாலா?

பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஒலிக்கும். ஆனால் க்ளோட்ரிமசோல் பூஞ்சைக்கு எதிரான மருந்து; க்ளோபெட்டசால் மிக வலுவான ஸ்டீராய்டு.

நம் நாட்டில் இரண்டையும் ஒரே ட்யூபில் கலந்து விற்ற க்ரீம்கள் ஏராளம். பூஞ்சை மருந்து ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று, பாக்டீரியாவுக்கு நியோமைசினோ ஜென்டாமைசினோ ஒன்று. சிலவற்றில் ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் என்று நான்கைந்து சேர்ந்திருக்கும். ‘எது இருந்தாலும் ஒன்று பிடித்துவிடும்’ என்ற கணக்கு.

இதில் ஸ்டீராய்டு செய்வது என்ன? தோல் சிவப்பதும் அரிப்பதும் நம் உடம்பு பூஞ்சையோடு நடத்தும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். இரண்டு நாளில் அரிப்பு போவது இதனால்தான். பூஞ்சை அங்கேயே இருக்கும். தடுக்க ஆள் இல்லாததால் இன்னும் நன்றாகப் பரவும். வட்டமாகத் தெரிய வேண்டிய படர்தாமரை உருமாறி, டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போவதும் உண்டு. இதற்கு ‘டீனியா இன்காக்னிட்டோ’ என்று தனிப் பெயரே இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். தொடை இடுக்கில் விழும் வரித் தழும்புகள் திரும்பப் போகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ட்யூபைத் திருப்பி, மூலப்பொருள் பட்டியலைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஹாலோபெட்டசால், ஃப்ளுவோசினோலோன், ட்ரையம்சினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு க்ரீம். நமக்கு வேண்டிய ட்யூபில் மருந்து என்று ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்.

பிராண்ட் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பிராண்டில் வெறும் பூஞ்சை மருந்தும் இருக்கும்; பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தோ ‘ப்ளஸ்’ஸோ சேர்த்தால் ஸ்டீராய்டு கலந்ததும் இருக்கும்.

மருந்துக்கு அடங்காத பூஞ்சை

இது ஒரு ட்யூப், ஒரு கால் பிரச்சினை மட்டும் இல்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியா முழுவதும் படர்தாமரை முன்பு மாதிரி குணமாவதில்லை என்று தோல் டாக்டர்கள் சொல்லி வருகிறார்கள். ஒரே வீட்டில் எல்லோருக்கும் வருகிறது. போய்ப் போய்த் திரும்ப வருகிறது.

2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சைக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்: ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’. இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகள் அவை. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினாஃபைன் எந்த என்சைமைத் தாக்குமோ, அதன் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டதால் பல மாதிரிகளில் அந்த மருந்து வேலை செய்வதில்லை. 2023 மே மாதம், நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இதைக் கண்டறிந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அந்த நாட்டில் அதுதான் முதல் அறிவிப்பு.

இந்தப் பூஞ்சை பெரும்பாலும் உடம்பிலும் தொடை இடுக்கிலும்தான் பரவுகிறது. காலில் வருவது பெரும்பாலும் பழைய ட்ரைக்கோஃபைட்டான் வகைகள்தான். ஆனாலும் இந்த நிலைமைக்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களும், பாதியில் நிறுத்தும் பழக்கமும் முக்கியக் காரணங்கள் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். இங்கே டெர்பினாஃபைன் நாட்களை டாக்டர்கள் நீட்டிப்பதும், போட்டும் சரியாகவில்லை என்றால் மருந்தை மாற்றுவதும் இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம், ஸ்டீராய்டு க்ரீம்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதை எதிர்த்துத் தனிப் பணிக்குழுவே அமைத்துப் போராடியது. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை ‘அட்டவணை எச்’ பிரிவுக்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கலவை மருந்துகள் தடை செய்யப்பட்டன. ஸ்டீராய்டு கலந்த சில தோல் க்ரீம்களும் அதில் அடக்கம்.

எல்லாக் கலவைகளும் போய்விடவில்லை. எனவே நாமும் பார்த்து வாங்க வேண்டும். பாக்கெட்டில் ‘ஆர்எக்ஸ்’ குறியோ சிவப்புக் கோடோ இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு உரிய மருந்து. கடையில் இப்படிக் கேட்கலாம்: “அண்ணே, ஸ்டீராய்டு கலக்காத, க்ளோட்ரிமசோல் மட்டும் இருக்கிற க்ரீம் குடுங்க.” மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களிலும் குறைந்த விலையில் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம்.

எவ்வளவு போடணும், எத்தனை நாள்?

முதலில் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் தனித் துண்டால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் க்ரீம் போட்டால் பாதி வீண். அரிக்கும் இடத்தோடு நிறுத்தாமல், அதைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் வரை நல்ல தோலிலும் மெல்லியதாகத் தடவுங்கள்.

ஆள்காட்டி விரலின் நுனிக் கோட்டிலிருந்து முனை வரை பிதுக்கினால் வரும் க்ரீம் சுமார் அரை கிராம். இரண்டு கால் இடுக்குகளுக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டால், இருவேளைக்கு ஒரு கிராம். நான்கு வாரத்துக்கு 28 கிராம். 15 கிராம் ட்யூப் ஒன்று வாங்கினால் பாதி வழியில் தீர்ந்துவிடும். க்ளோட்ரிமசோல் போடுபவர்கள் தொடக்கத்திலேயே இரண்டாக வாங்குவது நல்லது.

அரிப்பு நின்றதும் நிறுத்தக் கூடாது. தோல் பார்க்க நன்றாகிவிட்ட பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடரச் சொல்வதுதான் வழக்கம். வெளியே தெரியாமல் கொஞ்சம் பூஞ்சை இன்னும் உள்ளே இருக்கும்.

க்ரீம், பவுடர், ஆயின்மென்ட்: எது சரி?

ஈரமான இடுக்குக்கு க்ரீம், ஜெல் அல்லது லோஷன் நல்லது. வாஸ்லைன் போல் கொழகொழவென்று இருக்கும் ஆயின்மென்ட் அங்கே ஈரத்தை இன்னும் அடைத்துவைக்கும். பவுடர் மட்டும் போட்டு குணமாக்குவது கடினம். ஷூவுக்குள்ளும் சாக்ஸுக்குள்ளும் தூவி, திரும்ப வராமல் தடுக்க உதவும்.

மருதாணி, மஞ்சள், வேப்பெண்ணெய் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். மருதாணிக்கும் வேம்புக்கும் பூஞ்சையைத் தடுக்கும் குணம் இருப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்ற அளவு கிடையாது. தோல் கிழிந்த இடத்தில் எதை அரைத்துப் பூசினாலும் புண் பெரிதாகலாம். கடையில் விற்கும் கறுப்பு மருதாணியில் சாயம் கலந்திருக்கலாம். அது கடும் ஒவ்வாமை தரும். மண்ணெண்ணெய், ஆசிட் வேண்டவே வேண்டாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

காலில் அரிப்பதெல்லாம் பூஞ்சை இல்லை. செருப்பு ரப்பர் ஒவ்வாமை, எக்ஸிமா, சொரியாசிஸ் எல்லாம் இதே மாதிரி தெரியும். சிறு குழிகளோடு துர்நாற்றம் வந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். சின்னக் குழந்தைகளுக்குச் சேத்துப்புண் வருவது குறைவு. அங்கே வேறு காரணம் தேட வேண்டும். தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எளிய சோதனைதான்.

க்ரீம் போட்டு இரண்டு வாரத்தில் முன்னேற்றமே இல்லை, நான்கு வாரத்தில் குணமாகவில்லை, நகம் பாதித்திருக்கிறது, தொடை இடுக்குக்கோ உடம்புக்கோ பரவிவிட்டது, கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கிருந்து தேவைப்பட்டால், 2022-ல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ போகலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். விரல் இடுக்கில் விழும் சின்ன வெடிப்பு, பாக்டீரியா உள்ளே நுழைவதற்குப் போதும். கால் மரத்துப்போயிருந்தால் வலியும் தெரியாது. கால் வீங்கி, சிவந்து, சுடுகிறது, சீழ் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். வீட்டில் அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், வாரம் ஒருமுறையாவது அவர்கள் விரல் இடுக்கை நீங்களே விரித்துப் பாருங்கள். “எனக்கு ஒண்ணும் இல்லப்பா” என்றுதான் சொல்வார்கள், ஆனாலும் பாருங்கள்.

ஏற்கெனவே கலவை க்ரீம் போட்டுவிட்டேன், என்ன செய்ய?

பயப்பட வேண்டாம். சில நாள் போட்டிருந்தால் நிறுத்திவிட்டு, ஒரே மருந்து உள்ள க்ரீமுக்கு மாறுங்கள். நிறுத்தியதும் அரிப்பும் சிவப்பும் முதலில் கூடத் தெரியும். அடங்கியிருந்த சண்டை மறுபடி தொடங்குவதுதான் அது. அந்தச் சமயத்தில் பழைய ட்யூபைத் தேடிப் போகாதீர்கள். பல வாரம், மாதக்கணக்கில் போட்டவர்கள் தாங்களாக நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் ட்யூபையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

பருத்தி சாக்ஸை தினமும் மாற்றுங்கள். வியர்வை அதிகம் என்றால் மதியம் ஒருமுறை. இரண்டு ஜோடி ஷூ இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, மற்றதை வெயிலில் காயவையுங்கள். உதிர்ந்த தோல் துணுக்கில் இந்தப் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் சாக்ஸையும் துண்டையும் வெந்நீரில் துவைப்பது நல்லது. காலில் புண் இருக்கும்போது, உள்ளாடைக்கு முன்பே சாக்ஸைப் போட்டுவிடுங்கள். பூஞ்சை தொடை இடுக்குக்குத் தொற்றும் வாய்ப்பு குறையும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் ஒரே நேரத்தில் எல்லோரும் மருந்து போடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியில் கிடக்கும் அந்தப் பாதி ட்யூபை எடுத்து, பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். மேலே சொன்ன ஸ்டீராய்டு பெயர்களில் ஒன்று இருந்தால், அதை இனி வீட்டில் யாருக்கும் ‘இதைப் போடு, சரியாயிடும்’ என்று எடுத்துக் கொடுக்காதீர்கள்.